வடக்கின் பொறியியல் பீடம்: ஏன் இவ்வளவு தாமதம், இனி அது யாருக்கு?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று போர் முடிந்த பின்னும் பல காலம் தரையில் சரிந்தபடியே கிடந்தது. அந்த வழியால் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். நானும் பார்த்திருக்கிறேன். கால்கள் முறிந்து தொட்டி பக்கவாட்டில் விழுந்து, கொங்கிறீட் பிளந்த இடங்களில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஊருக்குக் குழாயில் தண்ணீர் வருவதற்குப் பின்னால் எத்தனை பேருடைய கணக்கும் உழைப்பும் இருக்கிறது என்று அந்தத் தாங்கி நிமிர்ந்து நின்ற காலத்தில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதே வீதியில் இன்னும் கொஞ்சம் தெற்கே, முறிகண்டிப் பக்கம் போனால் அறிவியல் நகர் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பது அங்கேதான். மாணவர்கள் அங்கே படிக்கத் தொடங்கியது 2014இல்.

2014 என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரன் என்றால் "டொக்டரோ இஞ்சினியரோ" என்று கேட்பது நேற்று வந்த பழக்கம் இல்லை, மூன்று நாலு தலைமுறையாக இருக்கிறது. இலங்கையின் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் மின்சார சபையிலும் வீதித் திணைக்களத்திலும் வடக்கிலிருந்து போனவர்கள் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட மண்ணுக்குச் சொந்தமாக ஒரு பொறியியல் பீடம் கிடைக்க இருபத்தோராம் நூற்றாண்டின் இரண்டாம் பத்து வர வேண்டியிருந்தது. இஞ்சினியர்கள் இருப்பதும் பொறியியல் பீடம் இருப்பதும் ஒன்றல்ல என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன். முன்னது வடக்கில் எப்போதும் இருந்தது, பின்னது இல்லாமல் போனதன் விலையை நாங்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கதை கொழும்பில் தொடங்குகிறது. 1893இல் மருதானையில் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பொறியியல் படிக்க விரும்பியவர்கள் ஒன்று கப்பலேறி இங்கிலாந்து போக வேண்டும், இல்லையென்றால் அந்தக் கல்லூரியில் படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை எழுத வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் உருவானபோதும் அதில் பொறியியல் இல்லை. பீடம் தொடங்கியது 1950இல், அதுவும் கொழும்பில்தான். அந்த வருடம்தான் இலக்சபான நீர்மின் நிலையமும் மின்சாரம் தரத் தொடங்கியது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே ஒரு ஆய்வுரையில் சொல்லிவிட்டார், அது நடந்து முடிய முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. கிழக்கில் கல்லோயாத் திட்டம் நடந்துகொண்டிருந்தது, அதன் அணையைக் கட்ட அமெரிக்காவிலிருந்து ஒரு நிறுவனம் வந்திருந்தது. சுதந்திரம் கிடைத்த நாடு அணையும் மின்நிலையமும் பாலமும் கட்ட வேண்டும், ஆனால் கட்டத் தெரிந்த ஆட்களை உள்ளூரில் உருவாக்க இடம் இல்லை. பீடம் வந்தது இந்த அவசரத்தில்தான்.

ஆர். எச். போல், ஈ. ஓ. ஈ. பெரேரா போன்றவர்கள் அதைக் கட்டியெழுப்பினார்கள். பெரேரா பின்னாளில் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். 1964இல் பீடம் பேராதனைக்குப் போனது. பல்கலைக்கழகத்தின் மற்றப் பகுதிகள் மகாவலி ஆற்றின் ஒரு கரையில், பொறியியல் பீடம் மறுகரையில். நடுவில் நடைபாலம். அங்கே படித்தவர்களைக் கேட்டால் விரிவுரையை விட அந்தப் பாலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள்.

அந்தப் பீடத்தின் தொடக்க காலம் தமிழர்களுக்கும் சொந்தமானது. இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் என்று அறியப்படும் பிறேமளா சிவப்பிரகாசபிள்ளை 1960களின் முற்பகுதியில் அங்கே படித்தவர். பொறியியல் பெண்களுக்கு ஆகாது என்று வீட்டுக்கு வீடு பேசிய காலத்தில் அவர் குடிசார் பொறியியலாளராகி அரசாங்கத்தின் கட்டடத் திணைக்களத்தில் வேலை செய்தார். கவிஞரும் விமர்சகருமான சி. சிவசேகரம் பேராதனையில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். ஆனால் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது அழகையா துரைராஜாவைப் பற்றி.

வடமராட்சியில் 1934இல் பிறந்தவர். இலங்கையில் பொறியியல் படித்துவிட்டு மேற்படிப்புக்குக் கேம்பிறிட்ஜ் போனார். அங்கே அவர் கையில் எடுத்தது மண். வீடு கட்டும்போது அத்திவாரத்துக்குக் கீழே இருக்கும் களிமண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பாரம் ஏற ஏற அது அமுங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை வெளியே விடும், ஒரு கட்டத்துக்கு மேல் வழுக்கிக் குலைந்துபோகும். எந்தப் பாரத்தில் எவ்வளவு அமுங்கும், எப்போது குலையும் என்பதை அதுவரை பெரும்பாலும் அனுபவத்தையும் பரிசோதனையையும் வைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துரைராஜா களிமண் மாதிரிகளைச் சோதித்து, நாம் மண்ணுக்குக் கொடுக்கும் வேலை அதற்குள்ளே எப்படிச் செலவாகிறது என்று கணக்கிட்டார். மணிகளும் துகள்களும் ஒன்றோடொன்று உராய்வதிலேயே அது தீர்ந்துபோகிறது என்றும், அதை ஒரு எளிய சமன்பாட்டில் எழுதலாம் என்றும் தெரிந்தது. றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா என்ற மூன்று பெயர்களோடு 1963இல் வந்த ஆய்வுக் கட்டுரை இன்று உலகத்தில் மண் பொறியியல் படிக்கும் யாரும் தாண்டிப் போக முடியாத ஒன்று. கேம்பிறிட்ஜ் ஊடாக ஓடும் கேம் ஆற்றின் பெயரால் 'கேம் கிளே' என்று சொல்லப்படும் மாதிரி அந்த வேலையிலிருந்து வளர்ந்தது. சுரங்கப்பாதை, அணை, உயர்ந்த கட்டடம் என்று இன்று கணினியில் போட்டுப் பார்க்கும்போது அந்த மாதிரியோ அதன் பிள்ளைகளோதான் உள்ளே ஓடுகின்றன.

அவர் அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். பேராதனையில் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தார். 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். மின்சாரம் இல்லாத, எரிபொருள் இல்லாத, அடிக்கடி குண்டு விழுந்த வருடங்கள் அவை. 1994இலேயே காலமானார். இதில் என்னை எப்போதும் உறுத்தும் விடயம் ஒன்று உண்டு. உலகத்தின் முதல் வரிசை மண் பொறியியலாளர்களில் ஒருவர், தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் தலைவர், ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவருடைய துறையைக் கற்பிக்க ஒரு வகுப்பறைகூட இல்லை. அவருக்குக் கீழே படித்து, அவருடைய ஆய்வுகூடத்தில் இந்த மண்ணைச் சோதித்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை அப்படியே உருவாகாமல் போனது.

ஏன் இல்லை? முதல் காரணம் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லாமல் தாண்டவும் முடியாது. 1970இல் வந்த அரசாங்கம் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. பேராதனையில் பொறியியல் படிக்கத் தமிழ்மொழியில் பரீட்சை எழுதியவர் 400க்கு 250 புள்ளி எடுக்க வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும் என்று வந்தது. 23 புள்ளி வித்தியாசம். அது ஒரு இலக்கமாகத்தான் தெரியும், ஆனால் இரவிரவாக அரிக்கன் விளக்கில் படித்த பிள்ளை ஒன்று 240 எடுத்துவிட்டு வீட்டில் இருந்தது என்பதுதான் அதன் அர்த்தம். பிறகு மாவட்ட அடிப்படை வந்தது, முறைகள் மாறின. ஆனால் அந்த முதல் காயம் ஆறவில்லை. அந்த வருடங்களில் வீட்டில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பின்னால் என்ன ஆனார்கள் என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தச் சூழலில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம், யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்தில் உள்ள திருநெல்வேலியில் திறக்கப்பட்டது. கலை, விஞ்ஞானம் முதலில். 1978இல் மருத்துவம். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. 1990இல், துரைராஜாவின் காலத்தில், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. பொறியியல் மட்டும் வரவில்லை. பொறியியல் பீடம் கரும்பலகையும் கதிரையும் வைத்து நடத்தக்கூடிய ஒன்றல்ல. மண் சோதிக்க ஒரு கூடம், கொங்கிறீட் நொறுக்க ஒரு கூடம், நீரோட்டம் பார்க்கத் தொட்டியும் பம்பும், மின்பொறிகள், கடைசல் இயந்திரங்கள், தடையில்லாத மின்சாரம், இதையெல்லாம் பராமரிக்கத் தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் எல்லாம் வேண்டும். சீமெந்தும் பற்றரியும்கூடத் தடைசெய்யப்பட்ட பொருள்களாக இருந்த ஒரு பிரதேசத்தில் அதை எப்படிக் கட்டுவது? விவசாய பீடமே போரால் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது.

இதற்கிடையில் தெற்கில் பொறியியல் கல்வி பரவிக்கொண்டே போனது. கட்டுபெத்தையில் 1966இல் தொழில்நுட்பக் கல்லூரியாக இருந்தது 1972இல் வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமானது. காலியில் உறுகுணைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1999இல் வந்தது. வடக்கிலும் கிழக்கில் ஒலுவிலிலும் பீடங்கள் வந்தது போருக்குப் பிறகு, ஏறத்தாழ ஒரே காலத்தில். அறிவியல் நகரில் கட்டடங்கள் எழும்ப இந்திய அரசின் உதவியும் கிடைத்தது. யாழ்ப்பாண வளாகம் திறந்த 1974இலிருந்து எண்ணினால் பொறியியல் பீடம் வரச் சரியாக 40 வருடம்.

சரி, வந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

படிப்பு நாலு வருடம், எட்டு அரையாண்டு. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படித்து, இசட் புள்ளி (பாடங்களின் கடினத்துக்கு ஏற்பச் சமப்படுத்திய புள்ளி) போதுமான அளவு எடுத்தவர்கள் வருகிறார்கள். தொடக்கப் படிப்பு எல்லோருக்கும் பொது. கணிதம், பொறியியல் வரைதல், கணினி நிரலாக்கம், பட்டறை. அதன் பிறகுதான் குடிசார், மின் மற்றும் இலத்திரனியல், கணினி, இயந்திரம் என்று பிரிவது. தொடக்கப் பெறுபேறு நன்றாக இருந்தால் விரும்பிய துறை கிடைக்கும், அதனால் அந்தக் காலம்தான் பலருக்கு நெஞ்சிடி. நடுவில் கைத்தொழில் பயிற்சிக்கு வெளியே போக வேண்டும். கடைசி வருடத்தில் சொந்தமாக ஒரு ஆய்வுத் திட்டம்.

முதல் வருடத்தில் நடக்கும் ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வடக்கிலிருந்து போகும் பிள்ளை உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்தது. ஆர்முடுகல், உந்தம், தகைப்பு, விகாரம், மீள்தன்மை எல்லாம் அதற்குத் தண்ணிபட்ட பாடு. கம்பியை இழுத்தால் தகைப்புக்கும் விகாரத்துக்கும் என்ன தொடர்பு என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லும். பீடத்துக்குள் கால் வைத்ததும் எல்லாம் ஆங்கிலம். பலகையில் அதே வரைபு, அதே நேர்கோடு, அதே வளைவு. ஆனால் விரிவுரையாளர் ஸ்ட்ரெஸ் என்கிறார், ஸ்ட்ரெயின் என்கிறார், இரண்டும் காதில் ஒன்றுபோல விழுகின்றன, எது தகைப்பு எது விகாரம் என்று பிடிபடுவதற்குள் அடுத்த பக்கம் போய்விட்டார். தெரிந்த விடயத்தையே தெரியாததுபோல உட்கார்ந்து கேட்கும் அந்த முதல் சில மாதங்களில்தான் நல்ல பிள்ளைகள் சிலர் மனம் உடைந்துபோகிறார்கள். அது திறமைக் குறைவு இல்லை. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். பொறியியலுக்கு அப்படி ஒருவர் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆங்கிலத்தில் படிப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உலகத்தோடு வேலை செய்ய அது வேண்டும். ஆனால் முதல் அரையாண்டில் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுக்க ஒரு விரிவுரையாளருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதே பீடத்தில் சிங்களத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கும் இதே கஷ்டம்தான்.

சிங்கள மாணவர்கள் என்றதும் ஊரில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று ஞாபகம் வருகிறது. "எங்கட பீடம் என்று சொல்லுறியள், உள்ளே போனால் பெரும்பாலும் தெற்குப் பிள்ளைகள்தானே?" உண்மைதான், தெற்கிலிருந்து வருபவர்கள் அங்கே பெருந்தொகை. காரணம், இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகமும் தன் மாகாணத்துக்கு என்று இடம் ஒதுக்குவதில்லை. பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தெரிவானவர்கள் தங்கள் புள்ளிக்கும் விருப்ப வரிசைக்கும் ஏற்ப எந்தப் பீடத்துக்கும் போவார்கள். அதிகப் புள்ளி எடுத்த யாழ்ப்பாணப் பிள்ளை மொறட்டுவையையோ பேராதனையையோ முதலில் போடுகிறது. அந்த இடம் கிடைக்காத குருநாகல் பிள்ளை கிளிநொச்சிக்கு வருகிறது.

இதைக் குறையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தென்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பிள்ளை நாலு வருடம் கிளிநொச்சியில் சாப்பிட்டு, தூங்கி, பஸ் ஏறி, கிளிநொச்சியின் வெயிலிலும் மாரி வெள்ளத்திலும் நின்று படிக்கிறது. இந்த இடத்தைச் செய்தியில் மட்டும் கேள்விப்பட்ட ஒரு தலைமுறைக்கு அது சின்ன விடயம் இல்லை. ஆனால் குறை சொல்பவர்களின் கேள்விக்குள் நியாயமான இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மாணவர் எங்கிருந்தும் வரட்டும், பீடம் யாருக்கு வேலை செய்கிறது?

அதற்குப் பதில் தேடத் தண்ணீரில் இருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரை. அந்த நன்னீர் கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் கொஞ்சம் பாரம் குறைந்தது என்பதால் மிதக்கிறது, அவ்வளவுதான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க நல்லாய் இருக்கிறது அல்லவா? அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பம்பு போட்டு அந்த மேல்மட்டத்தை ஒரு அடி குறைத்தால், காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 அடி மேலே ஏறி வரப் பார்க்கும். துலாவிலும் பட்டையிலும் இறைத்த காலத்தில் மனிதனின் கைக்கு இருந்த எல்லையே கிணற்றைக் காப்பாற்றியது. மோட்டர் வந்த பிறகு அந்த எல்லை போய்விட்டது. இதோடு தோட்டத்துக்குப் போடும் உரத்தின் நைத்திரேற்றும், மலசலகூடக் குழிகளின் கசிவும் சேர்ந்து கல் வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கு வருகின்றன. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

தீர்வு யோசிக்காமல் இல்லை. எஸ். ஆறுமுகம் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1954இலேயே 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து ஆனையிறவுக் கடல்நீரேரிக்குள் வரும் மாரி வெள்ளம் சும்மா கடலுக்குப் போகிறது, ஏரியின் இரு பக்கத்தையும் அடைத்து அதை நன்னீராக்கி, கால்வாய் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவந்தால் குடாநாட்டின் நிலத்தடி நீர் ஊறும் என்பது அவருடைய கணக்கு. துண்டு துண்டாகச் சில வேலைகள் நடந்தன, முழுதாக நடக்கவில்லை. போருக்குப் பிறகு இரணைமடுக் குளத்திலிருந்து குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத குளத்தில் பங்கு கேட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கடைசியில் வடமராட்சி கிழக்கில் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி, 2024இல் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர். மின்சாரத்தைக் குடித்துத் தண்ணீர் தரும் நிலையம் அது, ஆனால் தண்ணீர் வருகிறது.

இந்த முழு விவாதத்திலும் ஒரு வெற்றிடம் இருந்தது. திட்டம் போட்ட அதிகாரிகளிடம் ஒரு கணக்கு, விவசாயிகளிடம் அனுபவம், அரசியல்வாதிகளிடம் மேடைப் பேச்சு. இரண்டு பக்கமும் நம்பக்கூடிய மூன்றாவது ஆள் ஒருவர் பிரதேசத்திலேயே இருந்து, இருபது முப்பது வருடக் குளத்து நீர்மட்டப் பதிவையும் மழைப் பதிவையும் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு எடுத்தால் எத்தனை வருடத்தில் எத்தனை தடவை வயல் காயும் என்று சொல்லும் ஆள், அந்த நேரத்தில் இல்லை. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த ஆலோசகர்கள் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பீடம் என்பது வந்துவிட்டுப் போகாத ஆலோசகர். அதன் பெறுமதியே அதில்தான் இருக்கிறது. 1980களில் அங்கே ஒரு பீடம் தொடங்கியிருந்தால், இன்று ஒவ்வொரு கிராமத்துக் கிணற்றுக்கும் முப்பது நாற்பது வருட உப்புப் பதிவு இருந்திருக்கும். போர் அதில் எவ்வளவை விட்டுவைத்திருக்கும் என்பது வேறு விடயம், ஆனால் அளக்கத் தெரிந்த ஆட்களாவது மிஞ்சியிருப்பார்கள்.

மின்சாரமும் இதே கதைதான். போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, டீசல் இயந்திரங்களில் ஓடியது. இன்று நிலைமை தலைகீழ். பளைப் பக்கம் காற்றாலைகள், மன்னாரில் 103.5 மெகாவாற் காற்றாலைப் பூங்கா, கூரைகளில் சூரியத் தகடுகள். காற்றுக்கும் வெயிலுக்கும் நேர அட்டவணை கிடையாது. அவற்றிலிருந்து வரும் மின்சாரத்தைத் தாங்கும்படி வலையமைப்பை எப்படி வைத்திருப்பது என்பது இந்தக் காலத்தின் பெரிய மின்பொறியியல் கேள்வி, அந்தக் கேள்வியின் உதாரணங்கள் பீடத்திலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் நிற்கின்றன.

இதைவிடச் சின்ன, ஆனால் அன்றாட வேலை ஒன்று இருக்கிறது. மீள்குடியேறிய ஊர்களில் வீடு, பாடசாலை, மதகு என்று எத்தனையோ கட்டினார்கள். கொங்கிறீட் போடும்போது 150 மில்லிமீற்றர் பக்கமுள்ள கனவடிவ அச்சில் கொஞ்சம் எடுத்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, பிறகு இயந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்க்க வேண்டும். ஊசி மெல்ல மெல்ல ஏறும், "டப்" என்று ஒரு சத்தம், கட்டியின் பக்கங்கள் உதிர்ந்து நடுவில் மணற்கடிகாரம்போல இடை சிறுத்த துண்டு மிஞ்சும். அந்த இலக்கம்தான் கட்டடம் நிற்குமா என்று சொல்வது. அப்படி நொறுக்கிப் பார்க்கும் இயந்திரம் பக்கத்தில் இருந்தால் ஒப்பந்தக்காரருக்குச் சாட்டு இல்லை, பிரதேச சபைக்கும் சாட்டு இல்லை. தூரத்தில் இருந்தால் கட்டியே போகாது, கடதாசி மட்டும் போகும்.

பீடத்துக்கு இருக்கும் பெரிய தலையிடி ஆள்பலம். இளம் விரிவுரையாளர் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போக வேண்டும், போனவர் திரும்ப வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ரூபாயின் பெறுமதி விழுந்த விதத்தில் அங்கே கிடைக்கும் சம்பளத்தையும் இங்கே கிடைக்கும் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் ஒருவரை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டதாரிகளும் போகிறார்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் முழு அங்கத்துவம் பெற்றது. அந்த நிறுவனத்தின் தரச்சான்று உள்ள பட்டத்தை அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா போன்ற நாடுகள் தங்கள் பட்டத்துக்குச் சமமாக ஏற்கின்றன. இது ஒரு கதவு, இரண்டு பக்கமும் திறக்கும். அந்தச் சான்றுக்காகப் பாடத்திட்டத்தையும் ஆய்வுகூடத்தையும் மதிப்பீட்டு முறையையும் வெளியார் வந்து துருவிப் பார்க்கிறார்கள், அது பீடத்தை நிமிர்த்தி வைக்கிறது. அதே சான்றுதான் பிள்ளையின் கையில் விமானச் சீட்டாகவும் மாறுகிறது. இலவசக் கல்வியில் படித்த பிள்ளை போகலாமா என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. போகிறவர் போகட்டும். நிற்கிறவருக்கு நிற்க ஒரு காரணத்தை இந்தப் பிரதேசம் கொடுக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். மாகாண சபையும் பிரதேச சபைகளும் விவசாய அமைப்புகளும் தங்கள் பிரச்சினையைப் பீடத்தின் வாசலுக்குக் கொண்டுபோகாவிட்டால், உள்ளே இருப்பவர்கள் யாருக்கும் தேவையில்லாத தலைப்புகளில் ஆய்வு செய்து கட்டுரை எழுதிக்கொண்டு இருப்பார்கள், அதுவும் அவர்களுடைய பிழை என்று சொல்ல முடியாது.

புலம்பெயர்ந்த இஞ்சினியர்கள் பலர் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். கணினி அனுப்புகிறார்கள், புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள், நல்லது. என்னைக் கேட்டால் காசைவிட ஒரு தவணை நேரம் பெரியது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ முப்பது வருடம் நீர் வழங்கலில் வேலை செய்தவர் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் இணையத்தில் இருந்து நாலு இறுதியாண்டு மாணவர்களின் திட்டத்தைக் கேட்டு, "தம்பி, இந்த இலக்கம் எங்கேயிருந்து வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வி வேலைத்தளத்தில் அடிபட்ட ஆளிடமிருந்துதான் வரும்.

அந்த மாணவர்களின் திட்டங்களில் ஒன்றாவது கிணற்றில் தொடங்கட்டும். பெரிய கருவி வேண்டாம். நீளமான நாடா ஒன்று, தண்ணீரில் விட்டால் உப்பளவைக் காட்டும் கையடக்க மானி ஒன்று, ஒரு கொப்பி. தோட்டக்கார ஐயா மோட்டரை நிறுத்திவிட்டு, "இருபது வருசத்துக்கு முந்தி இந்தத் தண்ணி இளநீர்மாதிரி, தம்பி" என்று சொல்லிக்கொண்டு நிற்பார். பிள்ளை மானியைக் கீழே இறக்கி, இலக்கத்தைப் பார்த்து, திகதியோடு எழுதும். மாரி முடிந்த கையோடு ஒரு தடவை, ஆவணி வெயிலில் ஒரு தடவை. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை பட்டம் எடுத்துக்கொண்டு போய்விடும், கொப்பியை அடுத்த அணிப் பிள்ளை வாங்கிக்கொண்டு அதே கிணற்றடிக்கு வர வேண்டும்.